காரியாலயத்தின் பொது நாட்காட்டி

மின்னஞ்சலையும் நாட்காட்டியையும் யாரோ அமைத்துக் கொடுத்தபடியே விட்டுவிடுகிறோம். நமது வேலைநாளின் உருவம் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

அமெரிக்க தேசத்தின் மேற்குக் கரையோரத்தில், 1990-களின் நடுப்பகுதியில், கணிப்பொறித் தொழிலில் முன்னணியில் நின்ற இரண்டு பெரிய ஸ்தாபனங்கள், தங்கள் ஊழியர்கள் தினசரி அலுவல்களைக் குறித்துவைக்கும் நாட்காட்டியைக் காகிதத்திலிருந்து திரைக்கு மாற்றி, ஒருவருடைய நாட்காட்டியை மற்றவர் தம் மேஜையில் இருந்தபடியே திறந்து பார்க்கும் வசதியையும் செய்து கொடுத்திருந்தன. ஒன்று கலிபோர்னியாவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ். மற்றொன்று வாஷிங்டன் மாநிலத்து மைக்ரோசாஃப்ட். இரண்டிலும் பணிபுரிந்தவர்கள் ஏறக்குறைய ஒரே வித்தையைக் கற்றவர்கள். ஒரே விதமான வேலையை, ஒரே விதமான அவசரத்தோடு செய்தவர்கள். ஆயினும் சன் நிறுவனத்தில் ஒருவர் எங்கே, யாரோடு, எந்த விஷயமாகக் கூடிப் பேசுகிறார் என்பதைக் காரியாலயத்தில் எவரும் படித்தறிய முடிந்தது. மைக்ரோசாஃப்டிலோ, அந்த மனிதர் இந்த மணியில் வேலையாக இருக்கிறாரா ஓய்வாக இருக்கிறாரா என்பதற்கு மேல் ஓர் எழுத்துக்கூடப் பிறர் கண்ணுக்குப் புலப்படவில்லை. மென்பொருள் முதன்முதலில் கைக்கு வந்தபோது எந்த நிலையில் வைக்கப்பட்டிருந்ததோ, அதிலிருந்து விளைந்த வேற்றுமை இது. திறந்து வந்ததைப் பெரும்பாலோர் திறந்தே வைத்திருந்தார்கள். மூடி வந்ததைப் பெரும்பாலோர் மூடியே வைத்திருந்தார்கள். மாற்றிக்கொள்ளும் உரிமை இரண்டு இடத்திலும் இருந்தது.

இதை ஊன்றிக் கவனித்து 1999-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டவர் லேசியா பேலன் என்ற ஆராய்ச்சியாளர். திறந்த நாட்காட்டிகளின் நடுவே வாழ்ந்தவர்கள், கூட்டத்துக்கு நேரம் குறிப்பதற்காக மட்டும் அடுத்தவர் நாட்காட்டியைப் புரட்டவில்லை. தேடிப் போன மனிதர் அறையில் இல்லாதபோது எங்கே போயிருக்கிறார் என்று அறியவும், தொலைபேசிக் கூட்டத்தின் எண்ணைக் கண்டுபிடிக்கவும், தம்மைச் சுற்றி என்ன காரியம் நடக்கிறது என்று பொதுவாகத் தெரிந்துகொள்ளவும் அது உதவியது. அதே சமயத்தில், தமது நாளில் பிறர் கண்டபடி கூட்டங்களைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள் என்ற அச்சத்தினால், யோசித்து எழுதுவதற்கென்றே சில மணி நேரத்தை முன்கூட்டி அடைத்து வைத்துக்கொள்ளும் தற்காப்பு முறையும், தமக்கு மட்டுமே பொருள் விளங்கும்படி சுருக்கெழுத்தில் குறிப்பெழுதும் வழக்கமும் அங்கே வேரூன்றின. மனித சுபாவம் எந்த யந்திரத்துக்குள் புகுந்தாலும் தனக்கென்று ஒரு மறைவிடத்தைத் தேடிக்கொள்கிறது. அதை நான் குற்றமாகக் கருதவில்லை.

இந்த இரண்டு காரியாலயங்களில் எதில் நான் வேலை செய்ய விரும்புவேன் என்று கேட்டால், திறந்ததில் என்றே சொல்வேன். ஆனால் அந்தத் திறப்பை நானே செய்திருக்க வேண்டும். அலுவலக மின்னஞ்சலையும் நாட்காட்டியையும் பற்றி நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: யந்திரத்தைச் செய்தவரும் அதை நிறுவிய நிர்வாகியும் நமக்காகச் செய்துவைத்த தீர்மானங்களை, அவை தீர்மானங்கள் என்றே அறியாமல் ஏற்றுக்கொள்வதால், நமது நேரத்தின் மேல் நமக்குள்ள உரிமை ஓசையின்றிக் கைமாறிப் போகிறது. அந்த உரிமையைத் திரும்பப் பெறுவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. சில இடங்களைத் திறந்து பார்க்கும் பொறுமை போதும்.

கடிதங்களைப் பிரிக்கும் கலை

மின்னஞ்சல் பிறந்த சிறிது காலத்திலேயே அதைத் தன் சௌகரியத்துக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ளும் முயற்சியும் பிறந்துவிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் என்ற பொறியியலாளர் 1971-ல் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்குக் கடிதம் அனுப்பும் வழியைச் செய்து காட்டினார். வந்த கடிதங்களெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே நீண்ட சுருளாய்த் திரையில் ஓடிய அந்த நாளில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் திட்டத்தை நடத்திவந்த லாரி ராபர்ட்ஸ் 1972-ல் ஒரு சிறு நிரலை எழுதினார். கடிதங்களைப் பட்டியலாகக் காட்டுவது, வேண்டியதை மட்டும் எடுத்துப் படிப்பது, கோப்பில் சேர்ப்பது, மற்றொருவருக்குத் திருப்பி அனுப்புவது, பதில் எழுதுவது ஆகிய காரியங்களை அது செய்தது. இன்று கோடிக்கணக்கானவர் திறக்கும் அஞ்சல் திரையின் மூலவடிவம் அதுவே. மேலதிகாரியான ஒருவர் கடிதங்களின் பளுவைக் குறைக்கத் தாமே அமர்ந்து செய்த வேலை என்பதை நினைத்தால், இந்தச் சாதனத்தின் வம்சத்தில் ஆதி முதலே தன் தேவைக்குத் தானே திருத்திக்கொள்ளும் குணம் இருப்பது விளங்கும்.

அந்தக் குணம் நம்மிடம் ஏன் மங்கிப்போயிற்று என்ற கேள்விக்கு வெண்டி மக்கே என்ற அறிஞர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் செய்த ஆராய்ச்சி ஓரளவு விடை சொல்கிறது. 51 பேருடைய பழக்கங்களை ஆராய்ந்து 1991-ல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, மக்கள் தங்கள் மென்பொருளை மாற்றியமைப்பது புதிய வசதிகளை நாடி அல்ல. மென்பொருளின் புதிய பதிப்பு வந்து பழகிய முறை குலைந்தபோது, அந்தப் பழைய முறையை மீட்டுக்கொள்வதற்காகவே பலர் அமைப்புகளுக்குள் நுழைந்தார்கள். மாற்றாமல் இருந்ததற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் முதன்மையானது அவகாசமின்மை. இதற்கு ஓராண்டு முன்னர் அவர் செய்த மற்றோர் ஆராய்ச்சி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: சிலர் மட்டுமே அமைப்புகளைத் தாமே எழுதுகிறார்கள், ஏனையோர் அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். காரியாலயத்துக்கு ஒருவராவது இப்படிப்பட்டவர் இருப்பார். 'அண்ணே, இந்த ரிப்போர்ட் மெயிலெல்லாம் தனியாப் போற மாதிரி ஒரு ரூல் போட்டுக் குடுங்களேன்' என்று கேட்டவர்களுக்கெல்லாம் தம் வேலையை நிறுத்திவிட்டு எழுந்துபோய்ச் செய்து கொடுப்பார். எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இந்தச் சேவைக்குப் பெயரில்லை. இருக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அந்த ரூல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். அவுட்லுக் போன்ற மென்பொருள்களில், இன்னாரிடமிருந்து வந்தால், இன்ன சொல் தலைப்பில் இருந்தால், இந்த ஃபோல்டருக்குப் போ என்று கட்டளையிட்டு வைக்கலாம். கட்டளைகள் வரிசைப்படி மேலிருந்து கீழாக நடக்கும். 'இதற்கு மேல் மற்ற கட்டளைகளைப் பார்க்காதே' என்ற குறியை உரிய இடத்தில் இடாவிட்டால் ஒரே கடிதத்தின்மேல் இரண்டு மூன்று கட்டளைகள் பாய்ந்துவிடும். சில கட்டளைகள் அஞ்சல் சர்வரிலேயே நடப்பவை. வேறு சில நமது கணிப்பொறியில் அவுட்லுக் திறந்திருந்தால் மட்டுமே நடப்பவை. விடுமுறையில் கணிப்பொறியை அணைத்துவிட்டு ஊருக்குப் போனவர், கைபேசியில் பார்க்கும்போது கடிதங்கள் பிரிக்கப்படாமல் குவிந்து கிடப்பதைக் கண்டு திகைப்பது இதனாலேயே. ஆனால் இவற்றைவிடப் பெரிய அபாயம், கட்டளை சரியாக நடப்பதில்தான் இருக்கிறது. இருபது முப்பது ஃபோல்டர்களை உண்டாக்கி, வருகிற கடிதமெல்லாம் கண்ணில் படாமலே அவற்றுக்குள் போய் ஒடுங்கும்படி செய்துவிட்டால், இன்பாக்ஸ் சுத்தமாகத் தோன்றும். கடிதமோ படிக்கப்படாமலே காலாவதியாகும். ஸ்டீவ் விட்டேக்கர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 345 பேர் பழைய கடிதங்களைத் தேடி எடுத்த 85,000-க்கும் மேற்பட்ட தருணங்களை ஆராய்ந்து 2011-ல் எழுதிய கட்டுரை, ஃபோல்டர்களில் சிரத்தையாகப் பிரித்து வைத்தவர்கள் தேடலில் வெற்றி பெறுவதில் மற்றவர்களை விஞ்சவில்லை என்றும், சொல்லைக் கொடுத்துத் தேடுவதே விரைவான வழி என்றும் காட்டியது.

ஆகையால் கடிதத்தை இடம் மாற்றுவதைவிட அதன் நிறத்தை மாற்றுவதே உத்தமம் என்று நான் கருதுகிறேன். பழைய அவுட்லுக்கில் வியூ செட்டிங்ஸ் என்ற இடத்துக்குள் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்றொரு வசதி இருக்கிறது. எனக்கு மட்டும் எழுதப்பட்ட கடிதம் ஒரு நிறத்திலும், பலரோடு சேர்த்து எனக்கும் நகல் வைக்கப்பட்ட கடிதம் மங்கலான மற்றொரு நிறத்திலும் தோன்றும்படி அங்கே அமைத்துவிட்டால், காலையில் இன்பாக்ஸைத் திறந்த மாத்திரத்தில், என் பதிலை எதிர்பார்த்து யார் காத்திருக்கிறார் என்பது படிக்காமலே தெரிந்துவிடும். அதைப் போலவே, அனுப்பு என்று அழுத்திய கடிதம் உடனே புறப்படாமல் இரண்டு மூன்று நிமிஷம் அவுட்பாக்ஸில் தங்கிப் பின்னர் செல்லும்படியும் ஒரு ரூல் அமைக்கலாம். அதிகபட்சம் 120 நிமிஷம் வரை நிறுத்திவைக்க அவுட்லுக் இடங்கொடுக்கிறது. கோபத்தில் எழுதிய வாக்கியமும் மறந்துபோன இணைப்பும் நினைவுக்கு வருவதற்கு அந்த அவகாசம் பெரும்பாலும் போதும். புதிய கடிதம் வரும்போதெல்லாம் திரையின் மூலையில் தலைகாட்டும் அறிவிப்பு நம்மைக் கேட்டு இயங்கத் தொடங்கியதில்லை. அதை நிறுத்துவது ஒரே ஒரு குறியை எடுத்துவிடும் வேலை. கவனம் சிதறாமல் எழுத வேண்டிய தொழிலில் இருப்பவர்கள் இதை இன்றே செய்யலாம்.

உழைப்பவர் ஒருவர், பயனடைபவர் ஒருவர்

நாட்காட்டி இதைவிட நுட்பமான விஷயம். ஏனெனில் கடிதப் பெட்டி ஒருவருடையது, நாட்காட்டியோ பகிர்ந்துகொண்டால்தான் பலன் தருவது. பலருக்குப் பொதுவான மென்பொருள்கள் ஏன் தோற்றுப்போகின்றன என்பதை விளக்கி 1988-ல் ஜோனதன் க்ரூடின் என்ற ஆராய்ச்சியாளர் எழுதிய கட்டுரையில் முதல் உதாரணமாக எடுத்துக்கொண்டது நாட்காட்டியைத்தான். கூட்டத்துக்கு எல்லோருக்கும் ஒத்துவரும் நேரத்தைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருள் பயன்பட வேண்டுமானால், எல்லோரும் தத்தம் நாட்காட்டியைத் தவறாமல் எழுதிவர வேண்டும். ஆனால் கூட்டம் கூட்டுகிறவர் பெரும்பாலும் மேலதிகாரி. அவருடைய நாட்காட்டியை எழுதுவதற்குக் காரியதரிசி இருக்கிறார். மற்றவர்களோ தங்களுக்கு நேரடியான பலன் ஒன்றும் இல்லாத எழுத்துவேலையை அவருடைய சௌகரியத்துக்காகச் செய்ய வேண்டியிருக்கிறது. உழைப்பு ஒருவருடையதும் பயன் மற்றொருவருடையதுமாக இருக்கும் எந்த ஏற்பாடும் நிலைத்து நிற்பதில்லை என்று க்ரூடின் கண்ட உண்மை கணிப்பொறிக்கு வெளியேயும் உண்மைதான்.

ஆனால் காலம் அவருடைய முடிவுக்கு ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதை எழுதியவரும் அவரே. பேலனோடு சேர்ந்து 1995-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், முன்னே சொன்ன இரண்டு ஸ்தாபனங்களிலும் பொது நாட்காட்டி வெற்றிகரமாகப் பரவியிருந்ததையும், அப்படிப் பரவியது மேலிடத்து உத்தரவினால் அல்ல என்பதையும் எடுத்துக் காட்டினார். மென்பொருள் சுலபமாகவும், எல்லோருடைய மேஜையிலும் கிடைப்பதாகவும் ஆனபின், 'உன் நாட்காட்டி காலியாகக் கிடக்கிறதே, உன்னை எப்போது பார்ப்பது?' என்று சகஊழியர்கள் கேட்ட கேள்விதான் பழக்கத்தைப் பரப்பியது. தன் கருத்தைத் தானே பின்னர் சரிபார்த்து மாற்றி எழுதிய அந்த நேர்மை, ஆராய்ச்சி உலகத்தில் நான் மிகவும் மதிக்கும் குணங்களில் ஒன்று.

மைக்ரோசாஃப்டின் உள்ளே வழங்கிய அந்த மூடிய முறைக்கு ஒப்பானதையே இன்று உலகெங்கும் எண்ணற்ற காரியாலயங்களில் காண்கிறோம். அந்த நிறுவனம் 1996-ல் வெளியிடத் தொடங்கிய எக்ஸ்சேஞ்ச் சர்வரின் பிற்காலப் பதிப்புகளில், ஒருவருடைய நாட்காட்டி புதிதாக உருவாகும்போது, நிறுவனத்தில் உள்ள ஏனையோருக்கு வேலையா ஓய்வா என்பது மட்டுமே தெரியும் நிலையில்தான் அது வைக்கப்படுகிறது. திறந்த முறையைக் கைக்கொண்ட சன் நிறுவனம் 2010-ல் ஆரக்கிளின் கைக்குப் போய்விட்டது. நமது காரியாலயத்தில் நாம் இயற்கையென்று எண்ணிக்கொண்டிருக்கும் மௌனம், எங்கோ ஓரிடத்தில் யாரோ சிலர் தேர்ந்தெடுத்த ஏற்பாடே என்பதை அறிந்துகொண்டால், அதைத் தொட்டு மாற்றும் துணிவு நமக்கும் வரும்.

மாற்றும் வழி கடினமானதன்று. அவுட்லுக்கில் நாட்காட்டியின் பெயர்மேல் வலது பொத்தானை அழுத்தி, ஷேரிங் பெர்மிஷன்ஸ் என்பதைத் திறந்தால், நிறுவனத்தார் அனைவருக்கும் சேர்த்து ஒரு வரியும், தனித்தனியாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கு ஒவ்வொரு வரியும் தென்படும். ஒவ்வொருவருக்கும் கொடுக்கக்கூடிய அனுமதியில் படிகள் உள்ளன: வேலையாக இருக்கும் நேரம் மட்டும், அதோடு தலைப்பும் இடமும், எல்லா விவரமும், திருத்தும் அதிகாரம், நமது சார்பில் அழைப்புகளை ஏற்கவும் மறுக்கவும் உரிமையுள்ள டெலிகேட் பதவி. நமது கிராமத்து வீடுகளில் வழிப்போக்கனும் உட்காரத் திண்ணையும், உறவினர் வரும் கூடமும், வீட்டாரைத் தவிர எவரும் நுழையாத உள்ளறையும் ஒரே கூரையின்கீழ் இருந்தனவே, அந்த நியாயத்தின்படி இந்தப் படிகளை வகுத்துக்கொள்வது நல்லது. நிறுவனத்தார் அனைவருக்கும் நேரம் மட்டும். சேர்ந்து வேலை செய்யும் ஐந்தாறு பேருக்குத் தலைப்பும் இடமும். மிக நெருங்கிப் பணிபுரியும் ஒருவருக்கோ இருவருக்கோ முழு விவரம். இந்த ஏற்பாடு செய்வதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். அதனால் மிச்சமாகும் 'எப்போது வரலாம்?' என்ற கடிதங்களுக்கும் அவற்றின் பதில்களுக்கும் கணக்கில்லை.

பிறர் பகிர்ந்ததைப் பார்ப்பதும் இவ்வளவே சுலபம். நாட்காட்டிப் பக்கத்தில் ஆட் காலண்டர் என்பதை அழுத்தி நிறுவனத்தின் பெயர்ப்பட்டியலிலிருந்து உரியவரைத் தேர்ந்தால், அவருடைய நாட்காட்டி நம்முடையதற்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நான்கைந்து பேருடையதைத் திறந்து பக்கம்பக்கமாக வைத்துக் கண்களை வருத்திக்கொள்வதைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைக்கும் ஓவர்லே முறைக்கு மாற்றினால், எல்லோருக்கும் பொதுவாக எந்த நேரம் வெறுமையாக இருக்கிறதென்று ஒரே பார்வையில் தெரியும். கூட்டத்துக்குரிய அறைகளுக்கும் தனித்தனி நாட்காட்டி வைத்து, அறையையும் ஒரு விருந்தாளியைப் போல அழைப்பில் சேர்த்துக்கொள்ளும் முறை இன்று பரவியிருக்கிறது. கூட்டம் ரத்தானதும் அறையை விடுவிக்க மறந்துவிடுகிறவர்கள், வெளியே இடமின்றி நிற்கும் சகஊழியர்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் நாட்காட்டியை மற்றொரு நிறுவனத்தின் மென்பொருள் படித்துப் புரிந்துகொள்வதற்கு வழி செய்தவர்களையும் இவ்விடத்தில் நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஐகாலண்டர் என்ற பொது வடிவம் 1998 நவம்பரில் வெளியாயிற்று. அதை எழுதிய இருவரில் ஃபிராங்க் டாசன் லோட்டஸ் நிறுவனத்தைச் சேர்ந்தவர். டெரிக் ஸ்டெனர்சன் மைக்ரோசாஃப்டைச் சேர்ந்தவர். அந்த நாளில் லோட்டஸ் நோட்ஸும் எக்ஸ்சேஞ்சும் காரியாலயச் சந்தையில் நேர் எதிரிகள். எதிரிகளாக இருந்தும் அவர்கள் ஒரே ஏட்டில் கையெழுத்திட்டதனால்தான், இன்று வேறு வேறு மென்பொருள்களை உபயோகிக்கும் இருவர் ஒருவருக்கொருவர் அனுப்பும் கூட்ட அழைப்பு தட்டின்றி நாட்காட்டியில் போய் உட்காருகிறது.

சென்னையின் மாலையும் நியூயார்க்கின் காலையும்

நாட்காட்டியின் ஆரம்ப ஏற்பாடு ஒரு மனிதரின் வாழ்வில் எவ்வளவு தூரம் புகுந்துவிடுகிறது என்பதற்கு, கடல் கடந்த தேசங்களோடு சேர்ந்து உழைக்கும் நமது நகரத்து ஊழியர்களே சாட்சி. பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் இருக்கும் காரியாலயங்களில், நியூயார்க்கில் காலை 9 மணிக்கென்று குறிக்கப்பட்ட வாராந்தரக் கூட்டம் கோடையில் மாலை 6.30-க்கு வருகிறது, நவம்பரில் அமெரிக்கர்கள் தங்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அதே கூட்டம் 7.30-க்குப் போய்விடுகிறது. தொடர்ந்து வரும் கூட்டம் எந்த ஊர் நேரத்தில் அமைக்கப்பட்டதோ அந்த ஊரையே பின்பற்றுவதால், இந்தியாவின் கடிகாரம் ஆண்டு முழுவதும் மாறாமல் நின்றபோதிலும் நமது ஊழியரின் மாலைதான் நகர வேண்டியிருக்கிறது. குழந்தையை அழைத்துவரும் வேளையும், அலுவலக வண்டி புறப்படும் வேளையும் அதோடு சேர்ந்து நகருவதில்லை.

2007-ல் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாயிற்று. அமெரிக்கப் பாராளுமன்றம் 2005-ல் இயற்றிய சட்டம் ஒன்றின்படி, அதுவரை ஏப்ரல் முதல் ஞாயிறன்று தொடங்கிய கோடை நேரம் அந்த வருஷம் மார்ச் 11-ஆம் தேதியே தொடங்கியது. பழைய விதியை நம்பி முன்பே குறிக்கப்பட்டிருந்த கூட்டங்கள், திருத்தப்படாத கணிப்பொறிகளில், ஏறக்குறைய மூன்று வார காலத்துக்கு ஒரு மணி நேரம் பிசகி நின்றன. அவற்றைச் சரிசெய்வதற்கென்றே மைக்ரோசாஃப்ட் ஒரு தனிக் கருவியை வெளியிட வேண்டியதாயிற்று. நேரத்தை நிர்ணயிப்பது சூரியன் மட்டுமன்று, சட்டமன்றமுந்தான் என்பதை நாட்காட்டி மென்பொருளைப் பராமரிப்பவர்கள் அந்த வசந்த காலத்தில் நன்றாக உணர்ந்தார்கள்.

ஊழியர் இதில் செய்துகொள்ளக்கூடிய பாதுகாப்பு ஒன்று உண்டு. அதைச் செய்தவர் தொகை சொற்பமாகவே இருக்கும் என்பது என் எண்ணம். அவுட்லுக் தன் ஆரம்ப நிலையில் வேலை நேரத்தைக் காலை 8 முதல் மாலை 5 வரை, திங்கள் முதல் வெள்ளி வரை என்று வைத்துக்கொள்கிறது. பிற்பகல் 1 மணிக்கு வந்து இரவு 10 மணிக்குத் திரும்புகிற ஊழியரும், ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகும் வளைகுடா நாட்டு ஊழியரும் அதை மாற்றாவிட்டால், கூட்டம் குறிப்பவருக்கு முன்னால் திரையில் அவர்களுடைய உண்மையான வேலை நேரம் ஓய்வுநேரத்துக்குரிய நிழலோடும், அவர்கள் உறங்கும் நேரம் வேலைக்குரிய வெளிச்சத்தோடும் தோன்றுகிறது. கூட்டத்தை அகாலத்தில் வைத்தவர்மேல் கோபம் கொள்வதற்கு முன்பாக, நமது நாட்காட்டி அவருக்கு என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது நியாயம். நாட்காட்டியின் ஓரத்தில் நமது நேரத்தோடு இரண்டாவது ஊரின் நேரத்தையும் காட்டும் வசதியையும் சேர்த்துக்கொண்டால், அங்கே விடிந்துவிட்டதா என்று விரல்விட்டு எண்ண வேண்டிய அவசியம் இராது.

பூட்டின் வலிமை

திறந்து வைப்பதைப் பற்றி இவ்வளவு ஆதரவாகப் பேசிய நான், மூடி வைக்க வேண்டியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவரைப் பார்க்கும் நேரத்தையும், வேறு வேலைக்கான நேர்காணலையும், ஊழியர் ஒருவரின் குறைபாட்டைப் பற்றிப் பேசும் சந்திப்பையும் நாட்காட்டியில் எழுதுகிறவர்கள், பிரைவேட் என்ற பூட்டுக் குறியை அதன்மேல் இட்டுவிட்டு நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதி பூரணமானதன்று. நமது நாட்காட்டியைப் படிக்கும் அனுமதி பெற்ற ஒருவர் வேறொரு மென்பொருளின் வழியாக அந்தக் குறிப்பைப் பார்க்க இடமுண்டு என்றும், ஆகையால் இந்தக் குறியையே முழுப் பாதுகாப்பாக நம்ப வேண்டாம் என்றும் மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கங்களில் எச்சரித்திருக்கிறது. மிகவும் அந்தரங்கமானதை வெறுமனே 'வெளி வேலை' என்று எழுதுவது பூட்டைவிடப் பத்திரமானது.

காரியாலய யந்திரத்தில் எழுதியது அழியாது என்பதற்கு அமெரிக்க ஜனாதிபதி மாளிகையே உதாரணமாக நிற்கிறது. ஐபிஎம் நிறுவனம் 1981-ல் வெளியிட்ட ப்ரொஃப்ஸ் என்ற மென்பொருள், கடிதப் போக்குவரத்தையும் நாட்காட்டியையும் ஒரே திரையில் சேர்த்துக் கொடுத்தது. அதை மாளிகையின் தேசியப் பாதுகாப்புச் சபை உபயோகித்து வந்தது. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் 1986-ல் வெடித்தபோது, அந்தச் சபையைச் சேர்ந்த ஆலிவர் நார்த்தும் ஜான் பாயிண்டெக்ஸ்டரும் தங்கள் குறிப்புகளைத் திரையிலிருந்து அழித்தார்கள். ஆனால் கணிப்பொறி நிர்வாகத்தினர் வழக்கப்படி எடுத்துவைத்திருந்த காப்பு நாடாக்களில் அவை இருந்தன. விசாரணைக் குழு அவற்றிலிருந்தே உண்மையின் பெரும்பகுதியை அறிந்தது. பிறகு எழுந்த வழக்கில், காகிதத்தில் அச்சடித்து வைத்துவிட்டால் போதும் என்று அரசாங்கம் வாதித்ததை, யார் யாருக்கு எப்போது கிடைத்தது என்ற விவரம் அந்தக் காகிதத்தில் இல்லை என்று காட்டி, வாஷிங்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993-ல் நிராகரித்தது. மின்னஞ்சலும் சாசனமே என்று அன்று நிலைநாட்டப்பட்டதைப் பொதுமக்களின் பக்கம் நின்று நான் வரவேற்கிறேன்; அரசாங்கத்தின் நாட்காட்டி ஜனங்களுக்குச் சொந்தமானது.

தனி ஊழியரின் நாட்காட்டி அப்படியன்று. அவர் எத்தனை கூட்டங்களுக்குப் போனார், எத்தனை மணி நேரம் வெறுமையாக இருந்தார் என்று எண்ணி, அதைக்கொண்டு அவருடைய உழைப்பை அளக்க முற்படும் நிர்வாகம், சகஊழியர்களின் சௌகரியத்துக்காக அவர் திறந்து வைத்ததை அவருக்கு எதிராகவே உபயோகிக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் நாட்காட்டி சில வாரங்களுக்குள் பொய்க் குறிப்புகளால் நிரம்பிவிடும். அதற்கு ஊழியரைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்த மென்பொருள்களை ஆக்குகிறவர்கள் ஒரு காலத்தில் எங்கோ தொலைதூரத்தில் இருந்தார்கள். ரே ஓஸியின் தலைமையில் உருவாகி 1989-ல் வெளிவந்து, காரியாலயக் கடிதப் போக்குவரத்தில் ஒரு யுகத்தையே ஆண்ட லோட்டஸ் நோட்ஸ், ஐபிஎம்மின் கைக்குப் போய், 2019-ல் எச்.சி.எல். நிறுவனத்தின் உடைமையாயிற்று. எச்.சி.எல்.லை நிறுவிய சிவ நாடார் நமது தென்பாண்டிச் சீமையில் பிறந்தவர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் தன் சொந்த மின்னஞ்சலையும் நாட்காட்டியையும் செய்து பல தேசங்களுக்கு அளிக்கிறது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலும் அதன் காரியாலயம் இயங்குகிறது. ஆகவே எங்கோ அமெரிக்காவில் ஒருவர் செய்த தீர்மானம் என்று நாம் இனி கைவிரிக்க முடியாது. ஒரு புதிய ஊழியர் நாட்காட்டியை முதன்முறையாகத் திறக்கும்போது, எந்தக் குறியையும் முன்கூட்டி இட்டு வைக்காமல், அவருடைய வேலை நேரம் எது, குழுவினருக்கு எவ்வளவு காட்டலாம், மற்றவர்களுக்கு எவ்வளவு காட்டலாம் என்ற மூன்று கேள்விகளைத் தமிழில் கேட்டு, அவர் சொன்ன விடையின்படி அமைத்துக் கொடுக்கும் மென்பொருளை இங்குள்ள பொறியியலாளர்கள் எழுத முடியும். அதை எழுதும்வரை, புதிதாக வந்தவருக்குப் பக்கத்து மேஜைக்காரர் முதல் நாளிலேயே அரைமணி நேரம் ஒதுக்கி இந்த மூன்றையும் கேட்டு அமைத்துக் கொடுக்கலாம். அந்த அரைமணி நேரத்தை அவர் தமது நாட்காட்டியிலும் வேலை என்றே குறித்துக்கொள்ளலாம்.